அரைவாசி மருந்து, அரைவாசி தண்ணீர்

ஓமந்தையைத் தாண்டி ஏ9 வீதியில் வடக்கே போகிறவருக்கு மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று சந்திக்குச் சந்தி இன்று ஒரு பாமசியாவது கண்ணில் படும். உள்ளே, கண்ணாடி அலுமாரியில் பஞ்சுக்கும் பிளாஸ்டருக்கும் பக்கத்தில், கபில நிறப் போத்தலில் ஐதரசன் பேரொட்சைட்டு, பேச்சு வழக்கில் பெரொக்சைட், இருக்கும். காயம் கழுவுகிற மருந்து. கேட்டால் துண்டில்லாமலே எடுத்துத் தருவார்கள். ஆனால் வாங்குகிற எல்லாருக்கும் காயம் இருப்பதில்லை. சிலருக்கு முரசு வீங்கியிருக்கும். சிலருக்குச் சூத்தைப் பல் இரவில் கொதிக்கும். சிலருக்கு வாய் நாறுகிறது என்ற கூச்சம். கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்ட பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக வேண்டும். வீட்டுக்குப் போய், கண்ணாடிக்கு முன் நின்று, ஒரு வாய் எடுத்துக் கொப்பளிப்பார்கள். நுரை பொங்கும். பொங்கினால் மருந்து பிடிக்கிறது என்று நம்பிக்கை.

போர்க்காலத்திலும் இதே மருந்து வன்னியில் வாய்க்குள் போனதுண்டு. அன்று அது போன விதமும் இன்று போகிற விதமும் வேறு.

பல்லைப் பொறுத்தவரை வன்னி என்றைக்குமே பின்வரிசையில் நின்ற நிலம். இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேறி வந்தவர்கள் காடு வெட்டினார்கள், வயல் திருத்தினார்கள். பல்லுக்கு என்று தனியாக ஒரு வைத்தியரைத் தேடிப் போகிற பழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். அதுவரை பெரிய காரியம் எதுவானாலும் ஒன்றில் யாழ்ப்பாணம், அல்லது வவுனியா. பல் வைத்தியர்களை உருவாக்க நாடு முழுவதற்கும் பேராதனை மட்டுமே நீண்ட காலம் இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற சிகிச்சையாளர்கள் மகரகமையில் பயிற்சி பெற்று வந்தார்கள். இரண்டு இடமும் வன்னிக்குத் தூரம். அங்கு படித்து முடித்து, முத்தையன்கட்டுக்கோ துணுக்காய்க்கோ விரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆகவே வீட்டு வைத்தியமே வைத்தியம். வேப்பங்குச்சி, உமிக்கரி, உப்பு. கொதிக்கிற பல்லுக்குக் கிராம்பை நசுக்கி வைப்பது, அல்லது புகையிலைத் துண்டொன்றை அடக்கிக்கொள்வது. முரசு வீங்கினால் உப்புத் தண்ணீர். இவற்றில் சிலதுக்கு நல்ல நியாயம் உண்டு: கிராம்பிலுள்ள யூஜினோல் என்ற எண்ணெய் இன்றும் பல் வைத்தியரின் மேசையில் இருக்கிறது, இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரைப் பல் பிடுங்கிய மறுநாள் எந்த வைத்தியரும் சொல்வார். புகையிலை வேறு கதை. அது கொதியை மறக்கச் செய்து, வாயில் வேறொன்றை விதைத்துவிடும்.

1990இல் போர் மறுபடி மூண்டபோது வன்னிக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பல்லோடு இதற்கு என்ன தொடர்பு என்று தோன்றலாம். நேரடித் தொடர்பு. சூத்தையைக் குடைந்து அடைப்பதற்குக் கருவி சுழல வேண்டும். அது சுழல மின்சாரமும் காற்றழுத்தியும் வேண்டும். பிடுங்குவதற்கு விறைப்பூசியும் குறடும் கையும் போதும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் கிடைத்த அன்று சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளிச்சம் கொடுப்பதா, பல் குடைவதா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். இன்று அடைத்துக் காப்பாற்றக்கூடிய பற்கள் பல அன்று பிடுங்கப்பட்டதற்கு வைத்தியரின் திறமைக் குறைவு காரணமல்ல.

மருந்தின் கதையும் அதுதான். பெற்றோல், பட்டரி, சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப் பட்டியலுக்கு அப்பால், மருந்தும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு எண்ணிக் கணக்கிட்டே வந்தது. வந்தது பெரும்பாலும் தேவைக்குக் குறைவு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த மாதங்களில் அதில் ஒரு பகுதி மக்கள் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்குள் வந்து சேர்ந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போக, சனத்தின் பாரம் மல்லாவி, அக்கராயன், புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிகளில் இறங்கியது. 1997 மே மாதம் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு ஏ9 வீதியே போர்க்களம். வவுனியாவுக்குப் போகவேண்டுமானால் இந்தப் பக்கத்திலும் பாஸ் எடுக்க வேண்டும், அந்தப் பக்கத்திலும் பாஸ் எடுக்க வேண்டும். பல்லுக்கொதி என்ற காரணத்தைச் சொல்லிப் பாஸ் கேட்க எவருக்கும் மனம் வராது. பக்கத்து வாங்கில் கால் இழந்த பிள்ளையோடு ஒரு தாய் இருக்கும்போது எப்படிக் கேட்பது?

இந்த நெருக்குதலில்தான் காயம் கழுவ வந்த பெரொக்சைட் சில வேளை வாய்க்கும் பங்கிடப்பட்டது. நான் கண்டதைச் சொல்கிறேன். ஓலைக் கூரை, பாதிச் சுவர், நிலத்துக்குச் சாணம் மெழுகியிருக்கும் ஒரு மருந்து கட்டும் அறை. முரசில் புண் வைத்து, வாய் திறக்க முடியாமல் வந்து நின்றார் ஒரு வயதான அம்மா. மிஸி கபிலப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். சின்னக் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினார். அதே கரண்டியால் கொதித்தாறிய தண்ணீரை அளந்து சேர்த்தார். "வாய்க்குள்ள வைச்சு, மெல்லமா அலசிப்போட்டுத் துப்புங்கோ அம்மா. விழுங்கிப் போடாதேங்கோ. பிறகு வெறுந்தண்ணியால ஒருக்கா கொப்பளிக்கவேணும்." அவர் துப்பும்வரை பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்குக் கொண்டுபோக மருந்து கொடுக்கவில்லை. நாளைக்கும் வரச் சொன்னார். வீட்டில் உப்புத் தண்ணீர் போதும் என்றார்.

அந்த அளவு தற்செயலானதல்ல. பாமசிப் போத்தலில் இருப்பது 3 சதவீதக் கரைசல். சம அளவு தண்ணீர் சேர்ந்தால் 1.5 சதவீதம், வாய்க்குப் பாதுகாப்பானது என்று பல் வைத்தியம் நெடுங்காலமாகக் கொண்டிருக்கிற செறிவு அதுவே. மருந்து குறைவாக இருந்ததால் அளந்து பாவித்தார்கள் என்பது ஒரு பாதி. அளவு தெரிந்த ஒருவர் போத்தலுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றார் என்பது மறு பாதி.

நுரை எங்கிருந்து வருகிறது? நமது இரத்தத்திலும் தசையிலும் கற்றலேசு என்ற நொதியம் உண்டு. பெரொக்சைட் அதைத் தொட்டவுடன் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைகிறது. 3 சதவீதக் கரைசல் ஒன்று முழுவதும் உடைந்தால் தன் கனவளவைப்போல் 10 மடங்கு ஒட்சிசனை வெளிவிடும். அந்தக் குமிழிகள் முரசின் மடிப்பில் சிக்கிய அழுக்கையும் செத்த தசையையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகின்றன. ஒட்சிசன் இல்லாத இடத்தில் மட்டும் வாழப் பழகிய கிருமிகளுக்கு அந்தக் காற்று ஆகாது. முதலாம் உலகப் போரில் அகழிகளில் மாதக்கணக்கில் கிடந்த சிப்பாய்களின் முரசு அழுகி நாறியபோது பெரொக்சைட் கைகொடுத்ததற்குக் காரணம் இதுதான். சத்தான சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, பயம், பல் துலக்க வழியில்லை, ஓயாத புகைத்தல்: அந்த நோயை வரவழைக்கிற ஐந்தும் அகழியில் இருந்தன. வன்னியின் பங்கருக்குள் எவை இருந்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதே வேளை, அது செய்யாதது எது என்பதும் தெளிவு. குமிழி சில கணங்களில் அடங்கிவிடும். சூத்தை விழுந்த பல்லின் நடுவே நரம்பிருக்கும் அறைக்கு அது போய்ச் சேர்வதில்லை. பல்லில் கல்லாகப் படிந்த காரையை அது கரைப்பதில்லை. ஓட்டைக்குள் சிக்கிய சோற்றுப் பருக்கையைக் கிளப்பி வெளியே விடுவதால் கொதி சற்றுத் தணியும், அவ்வளவுதான். இதில் ஒரு பொல்லாத சூழ்ச்சி உண்டு. சூத்தை ஆழப்பட்டு நரம்பைத் தொட்டால் பல் உயிர் போகக் கொதிக்கும். சில நாளில், சில வாரத்தில், அந்த நரம்பு செத்துப்போகும். செத்தபின் கொதியும் இல்லை. அந்த நாட்களில் எந்த மருந்தால் கொப்பளித்துக்கொண்டிருந்தோமோ அந்த மருந்துக்கு நல்ல பெயர் போய்ச் சேரும். பிறகு ஒரு நாள் தாடை வீங்கும். சீழ் தாடைக்குக் கீழே இறங்கி நாக்கடியைத் தூக்கினால் மூச்சே அடைபடலாம். அன்று அப்படி வந்தவர்களை வவுனியாவுக்கு அனுப்பப் பாதை இல்லை. இன்று அம்புலன்ஸ் இருக்கிறது. வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள்.

வளர்ந்த நாடுகளும் இந்த நுரையில் மயங்கியதுண்டு. 1940களில் லூயிஸ் குரொஸ்மன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், பல் வேரின் குழாயைச் சுத்தம் செய்யப் பெரொக்சைட்டையும் சோடியம் ஐப்போகுளோரைற்றையும் மாறி மாறிச் செலுத்தும் முறையைப் பரப்பினார். பல தலைமுறை வைத்தியர்கள் அதைப் பின்பற்றினார்கள். இன்று வேர்க்குழாய்ச் சிகிச்சையில் பெரொக்சைட்டுக்கு ஏறக்குறைய இடமில்லை. 1970களின் இறுதியில் போல் கீஸ் என்பவர் அப்பச்சோடாவையும் பெரொக்சைட்டையும் குழைத்துத் துலக்கினால் முரசு நோய்க்குக் கத்தி வைக்கத் தேவையில்லை என்று சொல்ல, அமெரிக்காவே அதன் பின்னால் போனது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், ஒழுங்காகச் சாதாரணப் பற்பசையால் துலக்கியவர்களைவிட இவர்களுக்குப் பெரிய நன்மை ஒன்றும் இல்லை என்று முடித்தன. காயம் கழுவுவதிலும் அதே மாற்றம். கிருமியைக் கொல்வதோடு ஆறிவரும் புதுத் தசையையும் பெரொக்சைட் பொசுக்குகிறது என்பதால் இன்று பல இடங்களில் உப்புக் கரைசலே முதலில் கைக்கு வருகிறது. மிஸி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய உப்புத் தண்ணீர்!

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 முழுவதுமாகத் திறந்தது. முகமாலைக்கும் ஓமந்தைக்கும் நடுவே பஸ்கள் ஓடின. கொழும்புச் சாமான் கிளிநொச்சிக் கடைகளில் நிறைந்தது. பற்பசை விளம்பரங்கள் சுவர்களில் ஏறின. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் வாய் கழுவும் நீல நிறத் தண்ணீரைப் போத்தலோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ காலையில் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு மாலையில் திரும்ப முடிந்தது. அந்த வாய்ப்பு நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் நீடித்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது.

அதற்குப் பின் நடந்ததில் பல்லைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. ஆஸ்பத்திரிகள் உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனத்தோடு சேர்ந்து நகர்ந்தன. புதுமாத்தளன் பாடசாலைத் தரையில் கிடந்தவர்களுக்கு இரத்தம் ஏற்றவே வழியில்லாத நாட்களில் பல்லுக்கொதி ஒரு நோயாகவே கருதப்படவில்லை. காயக்காரரைச் செஞ்சிலுவைக் கப்பல் திருகோணமலைக்கு ஏற்றிப்போனது. மே மாதம் எல்லாம் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் தறப்பாள்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டபோதுதான், மாதக்கணக்கில் பின்தள்ளப்பட்ட பல்லெல்லாம் ஒன்றாகக் கொதிக்கத் தொடங்கியது என்று அங்கிருந்தவர்கள் சொல்வார்கள். உயிர் தப்பிவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்ததும் சின்ன நோவுகள் வரிசையில் வந்து நின்றனவாம்.

இனி இன்றைய நிலை. குறை சொல்வது சுலபம். முதலில் வந்ததைச் சொல்ல வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் பற்சிகிச்சைப் பிரிவு உண்டு, காசில்லை. மின்சாரம் உண்டு, கருவி சுழல்கிறது. பல்லின் நிறத்திலேயே அடைத்து, நீல ஒளியைப் பிடித்து, சில வினாடிகளில் இறுக வைக்கிறார்கள். தனியார் பற்சிகிச்சை நிலையங்கள் பெயர்ப்பலகையோடு வீதிக்கு வந்துவிட்டன; பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகளை ரியூசன் வாசல்களில் காணலாம். தாய்மார் கிளினிக்கில் கர்ப்பிணிகளின் வாயைப் பார்க்கிறார்கள். குறட்டை மட்டும் நம்பியிருந்த நிலத்தில் பல்லைக் காப்பாற்றுவது வழக்கமாகியிருக்கிறது. இது சின்ன மாற்றம் அல்ல.

ஆனால் நிலையம் இருப்பதும் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரக் கிராமமொன்றில் கூலி வேலை செய்கிறவர் பல்லுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து, இரண்டு பஸ் மாறி, நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் பார்ப்பார்கள், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இது எவ்வளவு தூரம் போனது என்பது நினைவிருக்கும். ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபா. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய தொண்ணூறுகளைத் தாண்டி வந்தவர்களுக்கே மலைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு, வைத்தியர்கள் வெளிநாட்டுக்கு. அந்த ஆண்டில் பாமசியில் நின்று, "பல்லுக்கொதி, என்னவாவது தாங்கோ" என்று கேட்டவர்களுக்குப் பனடோலோடு கபிலப் போத்தலும் கிடைத்தது. ஒரு தடவை வீட்டுக்கு வந்த போத்தல் பிறகு வீட்டைவிட்டுப் போவதில்லை.

இன்றைய கொப்பளிப்புக்கு வேறொரு ஆசிரியரும் வந்துவிட்டார்: கைத்தொலைபேசி. கொரோனாக் காலத்தில் பல் சிகிச்சைக்கு முன் பெரொக்சைட்டால் கொப்பளிக்க வைக்கலாம் என்று சீனாவிலும் அமெரிக்காவிலும் வழிகாட்டல்கள் வந்தன. 1 அல்லது 1.5 சதவீதம், வைத்தியரின் நாற்காலியில், ஒரு நிமிடம். பின்னர் அதனால் தொற்றுக் குறைந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஆய்வுகள் சொன்னதை எவரும் பகிரவில்லை. முதற்பாதி மட்டும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதோடு வெண்பற் காணொளிகள். எலுமிச்சம்புளி, அப்பச்சோடா, பெரொக்சைட் மூன்றையும் குழைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். எலுமிச்சை அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கும்; கரைந்ததன் மேல் சோடாவால் உரசச் சொல்கிறார்கள். இதற்கு உமிக்கரியே தாழ்வில்லை என்று சில வேளை தோன்றும்.

பற்களை வெளுக்கிற விருப்பம் வவுனியாப் பக்கத்தில் இன்னும் வருத்தமான இடத்தில் போய் முட்டுகிறது. அங்கே கடும்பாறைக்குள் இறங்கிய கிணறுகள் பலவற்றின் தண்ணீரில் புளோரைட்டு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெக்கைக்குத் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும் எங்கள் நாட்டில் 2013ஆம் ஆண்டின் நியமம் 1 மில்லிகிராம். ஆழம் குறைந்த பழைய கிணறுகளைவிட, தாகம் தீர்க்க வந்த குழாய்க் கிணறுகளில் பல இடங்களில் புளோரைட்டுக் கூட. பால்பல் விழுந்து வரப்போகிற பல், முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே சுண்ணாம்புக் கோடு விழுந்திருக்கும். கடுமையானால் கபிலக் கறை, குழி. அது மேலே ஒட்டிய அழுக்கல்ல, எனாமலின் உள்ளேயே இருக்கிற குறை. பாட்டன் காலத்தில் அந்தக் கறையை எவரும் குறையாக எண்ணவில்லை. வெற்றிலைக் காவியின் நடுவே அது தெரிந்ததும் இல்லை. இன்று பதினேழு வயதுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது, படம் எடுக்கும்போது உதட்டை மூடுகிறது, இரவில் 3 சதவீதத்தைத் தண்ணீர் சேர்க்காமலே வாயில் வைத்திருக்கிறது. கறை போகாது. முரசு வெளுத்து எரியும், பல் கூசும், நாக்கின் மேல் மயிர் படர்ந்ததுபோல் கருமை ஏறவும் கூடும்.

பெரொக்சைட் பல்லை வெளுக்காதா என்றால், வெளுக்கும். பல் வைத்தியர் கொடுக்கிற 10 சதவீதக் கார்பமைட் பெரொக்சைட்டிலிருந்து வருவதும் ஏறக்குறைய 3.5 சதவீதப் பெரொக்சைட்தான். பாமசிப் போத்தலைவிட அதிகம் இல்லை. ஆனால் அது வாயின் அச்சில் வார்த்த தட்டில், பல்லில் மட்டும் படும்படி, மணிக்கணக்கில், கணக்கிட்ட நாட்களுக்கு வைக்கப்படுகிறது. புளோரைட்டுக் கறைக்குப் பல்லின் மேற்படையை மெல்ல உரசி எடுக்கும் வேறு முறைகளும் உண்டு. அதைச் செய்ய நாற்காலியும் அறிந்த கையும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இலிருந்து கடையில் நேரே விற்கிற வாய்ப் பொருட்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெரொக்சைட் இருக்கக்கூடாது. அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் வைத்தியரின் பொறுப்பில் மட்டும்.

வெற்றிலையை மறந்துவிட்டு வன்னியின் வாயைப் பற்றி எழுத முடியாது. இலங்கையின் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்; பாக்கும் புகையிலையும் அதன் தாய் தந்தை. 2016இல் நிறமும் மணமும் இனிப்பும் சேர்த்த மென்புகையிலைப் பொதிகளை அரசாங்கம் தடை செய்தது. வயலில் நிற்கிறவரின் மடியில் வெற்றிலை இன்னும் இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தட்டு, ஆறாத ஒரு சின்னப் புண். அதில் நோவு இருப்பதில்லை. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்ட வேண்டும் என்று சுவரொட்டி சொல்கிறது. பெரொக்சைட்டால் கொப்பளிக்கிறவருக்கு அந்தப் புண் நுரைத்துச் சுத்தமாகி, ஆறிவிட்டதுபோலத் தெரியும். நாள் வாரமாகி, வாரம் மாதமாகும். அன்று மருந்து கட்டும் அறையில் மிஸி தினமும் வரச் சொன்னதால் ஒருவர் தினமும் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். இன்று போத்தல் வீட்டில் இருப்பதால் பார்க்க ஆளில்லை. வறுமையின் காலத்தில் தற்செயலாகக் கிடைத்த ஒரு நன்மை, வசதியின் காலத்தில் தற்செயலாகவே தவறிப்போனது.

இதற்காகப் பழைய நாட்களை மெச்ச வேண்டியதில்லை. அந்த அறையில் அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது சுத்தம் செய்யும் கருவியும் ஒரு கோர்வை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும். கிடைத்தது கரண்டி கணக்கில் நுரை. போத்தலின் முகப்பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிற 'வெளிப்பாவனைக்கு மட்டும்' என்ற வரிக்குக் கீழே, சம அளவு தண்ணீர், விழுங்கக்கூடாது, சில நாளுக்கு மேல் வேண்டாம் என்று தமிழில் எழுதிக் கொடுக்கிற பாமசிக்காரர்களை அங்கொருவர் இங்கொருவராகக் கண்டிருக்கிறேன். பக்கத்து ஆஸ்பத்திரியின் பல் கிளினிக் நாளையும் அதில் எழுதினால் காகிதம் ஒன்றும் கூடப் பிடிக்காது.

இந்த நாட்களில் பல் கிளினிக்குகளில் பல்லுக் கட்ட வருகிறவர்கள் பலர் ஐம்பதும் அறுபதும் தாண்டியவர்கள். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ, கருவி சுழலாத காலத்தில், பல்லைக் கொடுத்தவர்கள். பல் இல்லாத தாடை எலும்பு ஆண்டுக்காண்டு கரைந்து தாழ்ந்துவிடும். பொய்ப்பல் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அச்செடுக்கும்போது, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே அம்மா," என்றார் ஓர் இளம் டொக்டர். அவர் பிறந்தது 1997க்கு அண்மையில் இருக்கவேண்டும்.

"முந்தி வர, நீங்கள் எங்கை மேனை இருந்தனீங்கள்?" என்றார் அந்த அம்மா, வாயில் அச்சுக் களி ஒட்டியபடியே. டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கிழமை வரச் சொல்லித் துண்டில் திகதி எழுதினார்.